பதினேழுல அந்த ஒண்ணு

...நியாயமா இது, நீயே சொல்லு தங்கச்சி! மத்த புள்ளைங்கள ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கூப்பிடறாங்க. எம் புள்ளைய மட்டும் மாசத்துக்கு ரெண்டு தடவ! எங்க ஊரு காசெரூன்லேர்ந்து இந்த ஷிராஸுக்கு மலைப்பாதை. அந்த ரோட்டுல நான் வாந்தி எடுக்காத வளைவு ஒண்ணு பாக்கியில்ல. எதுக்கு? ரெண்டு குழாய் ரத்தம் எடுக்க! போன தடவ வயித்துக்கு ஸ்கேன். அதுக்கு முந்தி தொண்டை வழியா ட்யூப விட்டுப் பாத்தாங்க. உள்ள என்னய்யா இருக்குன்னு கேட்டா, ஒண்ணுமில்லேங்கறாங்க. ஒண்ணுமில்லேன்னா எதுக்குக் கூப்பிடறீங்க!

அட, நல்லா உக்காரேன், ஏன் விளிம்புல தொத்திக்கிட்டு இருக்கே? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்? இந்தா, டீ குடி. வேணாமா? சரி, மரியாதைக்கு ஒரு தடவ வேணாம்னு சொல்லிட்டே, மூணு தடவ சொல்லணும்னு இல்ல, வாங்கிக்க. சர்க்கரைக் கட்டிய பல்லுல கடிச்சுக்க.

டேய் காம்யார்! படிக்கட்டுக் கைப்பிடியில சறுக்காதடா! வந்து உக்காரு!

எம் பையன்தான். ஒம்போது வயசு. என்னது? நல்லா துறுதுறுன்னு இருக்கானா? ஐயோ, அப்படிச் சொல்லாதம்மா! மாஷா அல்லா சொல்லு. சொல்லிட்டியா? கண்ணு படாம இருக்க மரத்த வேற தட்டணும்... இங்க பாரு, பெஞ்சு பிளாஸ்டிக்கு, கால் இரும்பு. ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கான், தட்டிக்க ஒரு துண்டு மரம் வைக்கல! துறுதுறுன்னெல்லாம் ஒண்ணுமில்ல. ஏதோ இருக்கான். சட்டை எப்படித் தொளதொளன்னு தொங்குது பாரு.

உனக்குப் பொண்ணா? அஞ்சு வயசு... பேரு கீமியாவா. ம், சுமாரான பேருதான். கோச்சுக்காத. நல்லா இருக்குன்னு நான் எதையுமே சொல்ல மாட்டேன், எனக்குக் காரணம் இருக்கு. அவளுக்கும் மூணு வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் ஏத்தறீங்களா? ஏத்தின ரத்தத்துல சேர்ற இரும்ப எடுக்க, ராத்திரி வயித்துல ஊசியக் குத்தி, அந்த மெஷினக் கட்டிக்கிட்டுத் தூங்கறதும் உண்டா? தெரியும்மா, எல்லாம் தெரியும். ஆறு வருஷம் பண்ணியிருக்கேன்.

காரணம் என்னன்னா, கேளு. இவனோட முத நவ்ரூஸ், புது வருஷப் பண்டிகை. புது டிரெஸ் போட்டு, மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வீடு நெறைய சொந்தக்காரங்க. என் நாத்தனார் ஹோமா உள்ள வந்தா. 'அடேயப்பா, கன்னமா இது!'ன்னா. அவ்வளவுதான். மூணே வாரத்துல புள்ள காகிதம் மாதிரி வெளுத்துட்டான். நாங்க சும்மா விடுவோமா? முட்டைய எடுத்து, கரியால வட்டம் போட்டு, ரெண்டு முனையிலயும் காச வச்சு அழுத்திக்கிட்டே, அன்னிக்கு வந்தவங்க பேரெல்லாம் ஒண்ணொண்ணாச் சொன்னோம். யார் பேர்ல உடையுதோ அவங்க கண்ணுதான். ஹோமா பேரச் சொன்னதும் டப்புன்னு உடைஞ்சுது! என் பாவாடை பூரா மஞ்சக்கரு. எட்டு வருஷமா அவ மொகத்த நான் நேராப் பாத்ததில்ல.

டாக்டர் ராஸ்தேகார் சொல்றார், கண்ணும் இல்ல ஒண்ணும் இல்லம்மா, புருஷன் பொண்டாட்டி உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் இந்த நோய் பாதி பாதி இருந்தது, புள்ளைக்கு முழுசா வந்துடுச்சுன்னு. சரி, இருக்கட்டுமே! ரத்தமும் இருக்கும், கண்ணும் இருக்கும். ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாதுன்னு சட்டமா?

அப்புறம் இவனுக்கு அக்காக்காரி எலும்பு மஜ்ஜை பொருந்துச்சு. அவ பேரு தரானே, இவன விட அஞ்சு வயசு பெரியவ. அவ இடுப்பெலும்புலேர்ந்து எடுத்து, சாதாரண ரத்தப் பை மாதிரி இவனுக்குக் குழாய்ல விட்டாங்க. இத்துனூண்டு பை! இதுக்கா இத்தன பேர் கையக் கட்டிக்கிட்டு நின்னீங்கன்னு கேட்டேன். அந்த ஸ்டெம் செல்லுங்க தானா வழி தேடிக்கிட்டு எலும்புக்குள்ள போயி உக்காந்துக்குமாம். எம் பையனுக்குப் பள்ளிக்கூடத்துக்கே வழி தெரியாது! கிருமி அண்டாம நாப்பது நாள் கண்ணாடி அறை. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. கண்ணு படாம இருக்கட்டுமேன்னு வராந்தாவுல ஒரு சிட்டிகை எஸ்பந்த் விதைய நெருப்புல போட்டுப் புகை காட்டினேன். ஒரே சிட்டிகைதான்! தீ மணியடிச்சு நாலு மாடியும் காலி. இன்னிக்கும் கீழ காவல்காரர் என் பையத் தொறந்து பாத்துட்டுத்தான் விடறார்.

இப்ப இவன் ரத்தம் பூரா அக்கா ரத்தம். அவ அத வச்சே மெரட்டறா. 'என் எலும்புலேர்ந்து வந்தவன்தானே நீ, போய்த் தண்ணி கொண்டா'ங்கறா. இவன் ஓடிப் போய்க் கொண்டாறான்... இல்ல, ஓடறதாவது! மெதுவாத்தான் நடந்து போவான். பாவம்.

அதுக்கப்புறம்தான் இந்த ஆராய்ச்சி. மஜ்ஜை மாத்தின புள்ளைங்க எப்படி இருக்குன்னு ரெண்டு வருஷமா எழுதி வைக்கறாங்க. மாசா மாசம் பாக்தெல்னு ஒரு பொண்ணு போன் பண்ணும். சாப்பிடறானா, விளையாடறானா, தூங்கறானான்னு கேக்கும். நான் என்ன பைத்தியமா, நல்லா சாப்பிடறான்னு போன்ல கத்திச் சொல்ல? பக்கத்து வீட்டு ஜன்னல் தொறந்தே கெடக்கு! 'எங்கம்மா, ஒரு வாய் இறங்கல, மூலையில சுருண்டு கெடக்கான், கால் வலிங்கறான்'னு சொல்லிடுவேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே சொல்லுவோம்? அந்தப் பொண்ணும் பாவம், அப்படியே எழுதிக்கும். போன மாசம் ராஸ்தேகார் தாடியச் சொறிஞ்சுக்கிட்டுக் கேக்கறார், 'ஒரு வாய் இறங்காம எப்படிம்மா ஆறு கிலோ ஏறினான்?' எனக்கென்ன தெரியும்? நீங்கதானே டாக்டர்!

ஏய், எங்க எழுந்துட்டே? டீ ஆறுதே! வீட்டுக்கா? மஜ்ஜை மாத்தறதுக்குக் கையெழுத்துப் போடலையா? உம் பொண்ணுக்கு அண்ணன் மஜ்ஜை பொருந்திடுச்சுன்னு நர்ஸ் சொன்னாளே. எத்தன பேருக்கு அது கிடைக்குது! இருக்கறது நாலே நாலு கண்ணாடி அறை, இன்னிக்கு வேணாம்னா வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க. மறுபடி எப்பவோ! அதுக்குள்ள அந்த ரத்தத்துல வர்ற இரும்பெல்லாம் சின்னப் புள்ளையோட கல்லீரல்ல போய்ச் சேந்துடும்... பயமா இருக்கா? யாரு பயமுறுத்தினது?

இந்தக் காகிதமா? டாக்டர் கொடுத்ததா? என் கண்ணாடி பஸ்ஸுலயே போச்சு, நீயே படி.

ம்... பதினேழு புள்ளைங்க. ம். பதினாறு பேர் நலம், பள்ளிக்கூடம் போறாங்க, ரத்தம் ஏத்தறதே இல்ல. பாத்தியா! இதுல என்ன பயம்? ...ஒருத்தனா? ஒருத்தன் மட்டும் தீராத சோர்வு, விளையாட்டே இல்ல, கால் வலி... ரெண்டு வருஷமாக் காரணம் தெரியலையா? ஐயோ பாவமே, எந்தத் தாய் பெத்த புள்ளையோ. எவ கண்ணு பட்டுச்சோ.

அட, அழாதம்மா. பதினாறு பேர் இருக்காங்கல்ல? ...அந்த ஒண்ணு என் பொண்ணா இருந்தாங்கறியா. எனக்குப் புரியுது தங்கச்சி. நானா இருந்தாலும் அந்த ஒண்ணத்தான் பாப்பேன். இன்னும் என்ன போட்டிருக்கு? அக்கா கொடுத்த மஜ்ஜையா. ஒம்போது வயசு. 'உணவு உட்கொள்வதில்லை எனத் தாயார் கூறுகிறார்; எடை மட்டும் ஆறு கிலோ கூடியிருக்கிறது...'

...

இன்னொரு தடவ படி.

உக்காரு தங்கச்சி. கொஞ்ச நேரம் உக்காரு. நான் ஓடிட மாட்டேன், நீயும் ஓடாத. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த முட்டை... ஹோமா பேர்ல உடையல. எல்லார் பேரையும் சொல்லி முடிச்சாச்சு, அசையல. கடைசியில என் மாமியார் என் பேரச் சொன்னாங்க. அதுலதான் உடைஞ்சுது. அன்னிக்கு ஹோமா கன்னத்த மட்டும்தான் சொன்னா. நான்தான் புள்ளையத் தூக்கி எல்லார் முன்னாடியும் காட்டி, எம் புள்ள மாதிரி இந்த ஊர்ல ஒருத்தன் உண்டான்னு கேட்டேன். அந்த வாய் என் வாய்தான். பழிய நாத்தனார் தலையில போட்டுட்டேன். அதுலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை அவனப் பத்தி நான் சொன்னதில்ல. எட்டு வருஷம்! சட்டையக்கூட ரெண்டு சைஸ் பெருசா வாங்கறேன், ஒல்லியாத் தெரியட்டும்னு.

அந்தத் தொண்டை ட்யூபு... நான் சொன்ன பொய்யாலதான் விட்டாங்க. என் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தான், அழக்கூட இல்ல. ஐயோ, நான் ஒரு தாயா!

கேளு. அந்த ஒண்ணு... அதோ, கைப்பிடியில தலைகீழாத் தொங்குதே, அதுதான்! காம்யார், எறங்குடா! இல்ல, எறங்காத, தொங்கு! இந்தச் சித்தி பாக்கட்டும்! நேத்து ராத்திரி கலம் பொலோ சோறு ரெண்டு தட்டு தின்னான். சட்டியச் சொரண்டினான். முந்தாநாள் பந்தடிச்சு எதுத்த வீட்டுக் கண்ணாடியக் காலி பண்ணிட்டான். ரெண்டு வருஷமா ஒரு சொட்டு ரத்தம் ஏத்தல. அவன் நல்லா... அவன்... பயமா இருக்கு தங்கச்சி. சொல்ல நாக்கு எழல. சொல்லிட்டு மறுபடி ஏதாவது ஆயிட்டா? ரெண்டாவது தடவ தாங்க மாட்டேன் நான்.

உன் பேனாவக் கொடு. பிளாஸ்டிக்கு! நாசமாப் போக. ஜன்னல்? அலுமினியம். இந்த மாடியில ஒரு மரம் கூடவா... அந்தக் கதவு. அது மரம்தானே? ராஸ்தேகாரோட ரூமு. ஆமா, மரம்தான்.

நீ இங்கேயே இரு. போயிடாத. என் பையப் பாத்துக்க, டீயக் குடி. கீமியா... அழகான பேரு. சொல்லிட்டேன், மாஷா அல்லா, அவளுக்கும் சேத்துத் தட்டிடறேன்.

டொக், டொக், டொக்... டாக்டர், நான்தான், காம்யாரோட அம்மா. இல்ல, ஊசி போட வரல. அந்த பாக்தெல் பொண்ணக் கூப்பிடுங்க, நோட்ட எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. இல்ல, உள்ள வர மாட்டேன். கதவ மூடாதீங்க, இந்த மரத்துலேர்ந்து கைய எடுக்க மாட்டேன். எம் புள்ள நல்லா இருக்கான். ரொம்ப நல்லா இருக்கான். சத்தமாச் சொல்றேன், அந்த பெஞ்சுல இருக்கற பொண்ணுக்கும் கேக்கணும்: பதினேழு பேரும் நல்லா இருக்காங்க. எழுதிக்குங்க.