நடக்காத பேச்சுக்கு எழுந்த கரவொலி

மேடையின் நடுவே, ஓடுகிற ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே, காற்றுக்கும் காலத்துக்கும் அசையாமல் வீற்றிருக்கும் செய்தியாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, வருகிற அறிக்கைகளை வெட்டியும் ஒட்டியுமே வரலாறு படைத்ததால் 'கத்தரி' என்று அன்போடும் அச்சத்தோடும் அழைக்கப்படுகிற, நம் நாளிதழின் செய்தி ஆசிரியரும் சங்கத்தின் செயலாளருமான அண்ணன் அவர்களே! விருது வாங்கிய பெரியோர்களே, வாங்கப்போகும் பெரியோர்களே, இந்த ஆண்டும் கிடைக்கவில்லையே என்று பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் வருங்காலப் பெரியோர்களே! 'ஏழு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும்' என்ற கணவரின் வாக்கை நம்பி வந்து, ஏழரைக்கும் கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கீழே டயர் கடையில் வேலை முடிந்து, மேலே ஏதோ சண்டை என்று நினைத்து ஏறி வந்திருக்கும் நண்பர்களே! உங்கள் நினைப்பு வீண்போகாது. கொஞ்சம் பொறுங்கள்.

வணக்கம் சொல்லுமுன் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு இதே விழாவில், இதே மேடையில், இதே கரகரக்கும் ஒலிபெருக்கியின் முன்னால் நின்று, நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிற நான் ஆற்றிய எழுச்சியுரை இருக்கிறதே, அதை நான் ஆற்றவே இல்லை!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களில் பதினெட்டுப் பேர் அந்தப் பேச்சுக்காக மறுநாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள் என்பதை மறந்துவிட்டுச் சிரியுங்கள்!

நடந்தது இதுதான். விழாவுக்கு இளமையாக வரவேண்டும் என்று தலைக்குச் சாயம் பூச உட்கார்ந்தேன். பாதித் தலை முடிந்தபோது குழாயில் தண்ணீர் நின்றது. வலப்பக்கம் இருபத்தைந்து வயது, இடப்பக்கம் ஐம்பத்திரண்டு வயது. எந்தப் பக்கத்தைச் சபைக்குக் காட்டுவேன்? குளியலறைத் தரையில் துண்டைக் கட்டி, காலி பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, குழாயையே குலதெய்வமாகப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை என் மனைவி நாளிதழைப் பிரித்தாள்.

"ஏங்க, நேத்து நீங்க அரங்கத்தையே அதிர வச்சீங்களாமே?"

"யாரு, நானா?"

"நீங்கதான். பேரு போட்டிருக்கு. இருபது நிமிஷம் பேசினீங்களாம், கைத்தட்டல் அடங்கவே இல்லையாம். பக்கெட்ட மடியில வச்சுக்கிட்டா பேசினீங்க?"

என் மனைவிக்கு இருக்கிற இந்தச் சந்தேகம் இந்த அரங்கில் வந்திருந்த ஒரு செய்தியாளருக்காவது வந்ததா? வந்து உட்கார்ந்து, மேடையைப் பார்த்து, நான் இல்லாததையும் பார்த்துவிட்டுப் போனவர்கள்தானே நீங்கள்? நம் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? தோளில் தட்டி, "உன் பேச்சுல அந்தக் கடைசிப் பகுதி இருக்கே, கண்ணுல தண்ணி வந்துருச்சுய்யா" என்றார். கண்ணால் கண்டது பொய், காதால் கேட்டது பொய், நாமே அச்சடித்தது மட்டும் மெய்! அல்லவா தலைவரே?

டயர் கடை நண்பர்களுக்கு இது விளங்காது. விளக்குகிறேன். நம் நாளிதழில் ஊர்ச்செய்திப் பக்கத்தை ஐந்து மணிக்கே அச்சுக்கு அனுப்பி மூடிவிடுவார்கள். நம் விழாவோ ஆறு மணிக்குத்தான் தொடங்கும். விழாவை முன்னால் தள்ளலாமா? கூடாது, மதியத் தூக்கம் கெடும். செய்தியை ஒரு நாள் தள்ளிப் போடலாமா? கூடாது, மானம் கெடும். ஆகவே விழாச் செய்தியை விழாவன்று மூன்று மணிக்கே எழுதிவிடுவது நம் சங்கத்தின் இருபத்திரண்டு ஆண்டு மரபு. நாற்காலி வருமுன் கூட்டம் நிரம்பி வழியும். மின்சாரம் வருமுன் கரவொலி விண்ணைப் பிளக்கும். ஒருமுறை மழையில் விழாவே நடக்கவில்லை. அன்றும் அது 'இனிதே நிறைவுற்றது'!

என்ன அங்கே? யார் அது, நம் புகைப்படக்காரரா? "படமும் போட்டோமே" என்கிறார். போட்டீர்கள் ஐயா, போட்டீர்கள். அதற்கு முந்தைய ஆண்டுப் படம். அதில் எனக்கு மீசை இருந்தது. அதையும் எவரும் கேட்கவில்லை.

ஒரே ஒருவர் கேட்டார்.

மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, நாம் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற அக்கா! முப்பத்தோர் ஆண்டுகளாக நம் நாளிதழில் மெய்ப்புப் பார்ப்பவர். நாம் எழுதிக் கிழிப்பதை அச்சேறுமுன் படித்து, சிவப்பு மையால் நம்மைக் கிழிப்பவர். மூன்று மாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் நான் தீ வைத்தபோது, அந்தத் தீயை அணைத்தவர் யார்? அக்கா! இறந்தவர் நம் செய்தியாளருக்கு அளித்த சிறப்புப் பேட்டியை நிறுத்தி, அவரை நிம்மதியாக இருக்கவிட்டவர் யார்? அக்கா! கட்டாத பாலத்தை நாம் திறந்து வைத்தபோது, போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, அங்க இன்னும் ஆறுதான் இருக்கு" என்றவர் யார்? அந்த அக்காதான்!

விழாவுக்கு மறுநாள் அவர் என் மேசைக்கு வந்தார். கையில் நாளிதழ். என் பேரைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"தம்பி, நேத்து நான் மூணாவது வரிசையிலதான் இருந்தேன். நீ வரல."

"அக்கா, மெதுவா பேசுங்க…"

"நேத்து எனக்கு விளம்பரப் பக்கம் பாக்குற வேலை. இது என் கண்ணுல படல. இப்ப பட்டுருச்சு. மறுப்பு போடணும்."

"மறுப்பு போட்டா என் மானம் போயிடுமேக்கா!"

"உன் மானத்துக்கு நான் மெய்ப்பு பாக்கல தம்பி. பேப்பருக்குத்தான் பாக்குறேன்."

நேரே செய்தி ஆசிரியரிடம் போனார். அண்ணன் கத்தரி சொன்ன பதிலைப் பொன்னெழுத்தில் பொறிக்கவேண்டும்: "அக்கா, ஒரு மறுப்பு போட்டா, அப்ப மத்ததெல்லாம் உண்மையான்னு கேப்பான். இருபத்திரண்டு வருஷமா போட்டதில்ல, இனிமேயும் போடமாட்டேன்." என்ன ஒரு கொள்கை! என்ன ஒரு தொலைநோக்கு! தவறே செய்யாதவர்கள் உலகில் இரண்டு பேர்தான்: ஒருவர் பிறக்காதவர், இன்னொருவர் நம் செய்தி ஆசிரியர்.

சரி, இத்தனை பெரிய அக்கா நம் சங்கத்தில் என்ன பதவியில் இருக்கிறார்? துணைத் தலைவரா? இல்லை. செயற்குழுவா? இல்லை. சாதாரண உறுப்பினரா? அதுவும் இல்லை! முப்பத்தோர் ஆண்டுகளாக விருந்தினர் நாற்காலி! ஏனென்றால் விதி. சொந்தப் பேரில் மூன்று கட்டுரை அச்சில் வந்திருக்கவேண்டுமாம். ஊரார் பேரையெல்லாம் ஒழுங்காக அச்சேற்றியவரின் பேர் ஒருநாளும் அச்சேறவில்லையாம்!

தலைவரின் மைத்துனர் உறுப்பினர். தவறில்லை, மூன்று கட்டுரை எழுதியிருக்கிறார்: 'மின்விசிறியைத் துடைப்பது எப்படி', பாகம் ஒன்று, பாகம் இரண்டு, பாகம் மூன்று. அவர் எழுதிக் கொடுத்தபடி துடைத்திருந்தால் இந்த ஊரில் பாதிப்பேருக்குக் கை இருக்காது. வரிக்கு வரி திருத்தி எழுதிக் காப்பாற்றியவர் அக்கா. எழுதியவர் உள்ளே, திருத்தியவர் வெளியே! நாற்பத்தொரு உறுப்பினர்களுக்கு இதுவரை ஐம்பத்தெட்டு விருதுகள் கொடுத்திருக்கிறோம். நம் தலைவருக்கு ஐம்பத்தேழு வயதில் 'இளம் செய்தியாளர்' விருது கொடுத்தோம். அந்தப் பிரிவுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. செயலாளர் தம் கையாலேயே தமக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன். கை எட்டவில்லை, நான்தான் பின்பக்கம் இழுத்துவிட்டேன். ஆக, குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அக்கா மூன்று முறை மனுப் போட்டார். மூன்றாவது மனுவைச் சென்ற வாரம்தான் தள்ளினோம். இன்றைக்கு அவருக்குக் கடைசி வேலை நாள். பணியில் இருப்பவர்தான் உறுப்பினராகச் சேரலாம். இன்று சேரவில்லையென்றால் என்றைக்கும் இல்லை!

எதற்காக அக்கா இந்தச் சங்கத்தில் சேரத் துடிக்கிறார்? நானும் கேட்டேன். "இங்க என்னக்கா இருக்கு? உடைஞ்ச நாற்காலி, ஆறின டீ, ஆறாத பொறாமை. இதுக்கா?"

அவர் சொன்னார்: "சங்கத்துப் படிப்பறையில ஜன்னலோரமா ஒரு மேசை இருக்குல்ல, ரிட்டயர் ஆனவங்க உக்காந்து பேப்பர் படிப்பாங்களே. உறுப்பினர்னாதான் உள்ள விடுவாங்க. முப்பத்தோரு வருஷமா பேப்பர அச்சாகுறதுக்கு முன்னாடியேதான் படிச்சிருக்கேன், தப்பு எங்க இருக்குன்னு தேடித் தேடி. ஒருநாளாவது அச்சான பேப்பர, கையில பேனா இல்லாம, சும்மா உக்காந்து படிக்கணும் தம்பி."

ஒரு மேசை! ஒரு ஜன்னல்! ஒரு நாளிதழ்! இவ்வளவுதான் கேட்டார். பொன்னாடை கேட்டாரா? பட்டம் கேட்டாரா? படம் கேட்டாரா? நாமோ விதி காட்டினோம். வெட்கமாக இல்லையா நமக்கு? எனக்கு இருந்தது. அதனால் ஒரு காரியம் செய்தேன்.

என்ன செயலாளரே, மணியடிக்கிறீர்கள்? நன்றியுரைக்கு ஐந்து நிமிடம்தானா? சென்ற ஆண்டு பேசாமலே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன், அப்போது நீங்கள் மணியடிக்கவில்லையே!

இந்த ஆண்டு விழாச் செய்தியை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். மரபு பிறழாமல் மூன்று மணிக்கே எழுதி அனுப்பிவிட்டேன். அரங்கம் நிரம்பியது, எழுதினேன். தலைவர் எழுச்சியோடு பேசினார், அதையும் மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதினேன். கடைசியில் ஒரு வரி எழுதினேன்: "பணி ஓய்வு பெறும் மெய்ப்புத் திருத்துநரை விதி தளர்த்திச் சங்க உறுப்பினராகச் சேர்க்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது!"

ஐந்து மணிக்குப் பக்கம் மூடியாயிற்று. இந்நேரம் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அண்ணன் எழுந்துவிட்டார். "யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க?" என்கிறார். ஒலிபெருக்கியில் கேட்கிறது அண்ணே, மரியாதையாகவே திட்டுங்கள். "ஒருமனதான்னா போட்ட?" என்கிறார் தலைவர். ஆமாம் தலைவரே, ஒருமனதாகத்தான். இப்போது உங்கள் முன் இருப்பவை இரண்டே வழிகள். ஒன்று, நாளை மறுநாள் காலை இருபத்திரண்டு ஆண்டு மரபை முறித்து, முதல் மறுப்பைப் போடுங்கள். இல்லையென்றால், கையைத் தூக்குங்கள்! நம் நாளிதழ் பொய் சொல்லாது என்றால் தூக்குங்கள்! நாளைய செய்தியை இன்றைக்கே உண்மையாக்கும் வாய்ப்பு எந்தச் செய்தியாளனுக்குக் கிடைக்கும்? தூக்குங்கள்!

இதோ ஒரு கை. இதோ பத்து. இதோ பின்வரிசை மொத்தமும்! தாய்மார்களே, உங்களுக்கு வாக்கு இல்லை, ஆனாலும் உங்கள் கையைக் கண்டு கணவன்மார் தூக்குகிறார்கள், இறக்கிவிடாதீர்கள்! டயர் கடை நண்பரே, இரண்டு கையையும் தூக்கவேண்டாம், இது கொள்ளையில்லை. மைத்துனர் தூக்கிவிட்டார், வாழ்க! அண்ணன் கத்தரி பல்லைக் கடித்துக்கொண்டே தூக்கிவிட்டார், பல்லும் வாழ்க! தலைவரே? காது சொறியத்தான் தூக்கினீர்களா? பரவாயில்லை, காதுக்கு மேலே போனால் கணக்கில் சேரும். நிறைவேறியது! ஒருமனதாக நிறைவேறியது! குறிப்பேட்டில் எழுதுங்கள் அண்ணே. கையெழுத்துப் போடுங்கள். தலைவர் கையெழுத்தும். நன்றி.

தோழர்களே! தன் தவற்றைத் தானே ஊரறிய ஒப்புக்கொண்ட முதல் செய்தியாளன் நான்தான் என்று இந்தச் சங்கத்தின் வரலாறு நாளை சொல்லும். அந்தப் பெருமையோடு நன்றி கூறுகிறேன்.

என்ன, வரிசை வரிசையாகக் கைமாறி ஒரு சீட்டு வருகிறது? அக்காவா கொடுத்தார்? அடடா, ஆனந்தக் கண்ணீரில் நன்றி எழுதியிருப்பார். சிவப்பு மை. படிக்கிறேன்.

"தம்பி, கடைசி நாளாச்சேன்னு இன்னைக்கு எல்லாப் பக்கத்தையும் நானே பார்த்தேன். தீர்மானம் நிறைவேறியதுன்னு நீ எழுதின வரியை நாலரை மணிக்கே எடுத்துட்டேன். அப்ப அது நடக்கல."

குறிப்பேட்டைத் தொடாதீர்கள் தலைவரே! கையெழுத்து போட்டாயிற்று, மை காய்ந்தாயிற்று! இல்லாத கத்தியைக் காட்டி மிரட்டியிருக்கிறேன் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அக்கா, ஜன்னலோர மேசை உங்களுடையது. உங்கள் கண்ணுக்குத் தப்பு தெரியாத ஒரு நாளிதழ் என்றைக்காவது வரட்டும் என்று வாழ்த்துகிறேன். தலைமைக்கு நன்றி. தாய்மார்களின் பொறுமைக்கு நன்றி. ஓடிய ஒரு விசிறிக்கும் ஓடாத மூன்று விசிறிகளுக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

இருங்கள், சீட்டின் பின்பக்கமும் எழுதியிருக்கிறது.

"அந்த வரியை எடுத்ததுல பக்கத்துல கொஞ்சம் இடம் காலியாச்சு. அதுல இதைப் போட்டேன்: 'மறுப்பு. சென்ற ஆண்டுச் செய்தியாளர் சங்க விழாவில் நம் நகைச்சுவைக் கட்டுரையாளர் எழுச்சியுரை ஆற்றியதாக வெளியான செய்தி தவறு. அவர் வரவில்லை. கரவொலியும் எழவில்லை. வருந்துகிறோம்.'"