எழும்பி நின்ற பட்டன்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம்ம டெய்லர் இருக்கிறாரே, அவருடைய மச்சானுக்கு நடந்தது இது. அவன் கார் எலக்ட்ரீஷியன். ‘ஃபியூஸ்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

இரவு ஒன்றரை மணி. ஆள் அரவமில்லாத சாலை... இரண்டு பக்கமும் பொட்டல். பின் சீட்டில் அவன் மனைவிக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம்கூடத் தாண்டவில்லை.

ஒரு வளைவில்... டொக்.

இன்ஜின் இருமி நின்றது.

“ஊருக்கெல்லாம் வண்டி பாக்கறீங்க. நம்ம வண்டிய என்னைக்காவது பாத்தீங்களா?” வலியிலும் அவள் விடவில்லை.

“ரெண்டே நிமிஷம்மா... பொறுத்துக்கோ.”

சாவியைத் திருப்பினான். பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் ‘ங்ங்ங்’ என்று முனக வேண்டும். மூச்சே இல்லை. வண்டியின் ஃபியூஸ் நன்றாக இருந்தது. பம்ப்புக்குக் கரண்ட் விடும் ரிலே ‘டிக்’ என்றது. கரண்ட் எதுவரை வருகிறது என்று பார்க்க, டெஸ்ட் லாம்ப்பை எடுத்து ஒயரைத் தொட்டுக்கொண்டே போனான். எரிந்தது... எரிந்தது... டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச்சைத் தாண்டியதும் எரியவில்லை. சுவிட்ச்சின் பட்டன் எழும்பி நின்றது.



வண்டி எதன் மீதாவது பலமாக மோதினால்தான் அந்தப் பட்டன் எழும்பும். தீப்பிடிக்காமல் இருக்க, பம்ப்பை நிறுத்திவிடும்.

அவன் எதிலும் மோதவில்லையே!

டார்ச் அடித்துப் பார்த்தான். முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. ஈர மண் வாசனை மட்டும்... மழையே பெய்யாத நாளில்.

பட்டனை அமுக்கினான். பம்ப் முனகியது. கிளம்பினார்கள்.

அடுத்த வளைவில்... டொக்.

“யார இடிச்சீங்க?” அவள் முன் சீட்டைப் பற்றிக்கொண்டாள்.

“யாருமில்லம்மா. ரோடே காலி.”

“பொய் சொல்லாதீங்க. எனக்கு இங்க அதிர்ந்துச்சு.”

இனி நின்றால் குழந்தை தங்காது. தொழிலில் செய்யவே கூடாததை அவன் செய்தான். பட்டனை அமுக்கிவிட்டு, சுவிட்ச்சின் இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிச் சேர்த்தான். இனி எதில் மோதினாலும் வண்டி நிற்காது.

மூன்றாவது வளைவு. டொக்.

நிற்கவில்லை. கார் ஒரு முறை குலுங்கியது... எதன் மேலோ ஏறி இறங்கியதுபோல. பின்னால் காட்டும் கண்ணாடியை அவன் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

மறுநாள் காரின் அடியில் படுத்துப் பார்த்தான். துளிக் கறை இல்லை. ஒயரைப் பிரித்துப் பழையபடி மாட்டி, பட்டனை அமுக்கி, வீட்டை ஒட்டிய ஷெட்டில் காரை விட்டுப் பூட்டினான்.

குழந்தை வீட்டுக்கு வந்த இரவு, மனைவி அவனை உலுக்கினாள். “என்னங்க... ஷெட்டுல ஏதோ சத்தம்.”

பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே ஈர மண் வாசனை. நகராத காரில், பட்டன் எழும்பி நின்றது.

அமுக்கினான். ஓடி வந்து வீட்டுக் கதவைத் தாழிட்டான். காது கொடுத்து நின்றான்.

டொக்.

ஷெட்டில் இல்லை, வீட்டுக்குள். குழந்தை தூங்கும் தொட்டில், யாரும் தொடாமலே... ஒரு முறை குலுங்கி நின்றது.