ஒரே கடிதம், பத்தொன்பது பேர்

— கொஞ்சம் இருமன் நிருஷன். நீர் மேசையைச் சுத்திச் சுத்தி நடந்தால் நாலு மணி கெதியா வந்திடுமே?

— இருக்க ஏலாமல் கிடக்கு, சுபாஜினி. காலமை புள்ளி வரிசைப்படி பட்டியல் போயிட்டுது, தளத்திலையும் போட்டாச்சு. கொழும்புக் கொம்பனி நாலு மணிக்கு முடிவு சொல்லும். எங்கடை இணையத்தளத்தாலை பன்னிரண்டு பட்டதாரியளுக்கு முதல் வேலை. விளங்குதே? பேரில்லை, ஊரில்லை, ஆரின்ரை பிள்ளை எண்டில்லை. நம்பரும் புள்ளியும் மட்டும். அரியாலையிலை ஒரு மேல்வீட்டு அறைக்குள்ளை இருந்து ரெண்டே ரெண்டு பேர் செய்தது!

— விளங்குது, விளங்குது. உதை இண்டைக்கு ஏழாந்தரம் சொல்லுறீர். பொறும், ஆரோ கதவைத் தட்டுகினம்.

— ஆர்? திறந்துதான் கிடக்கு, வாங்கோ.

— வணக்கம் அண்ணை. வணக்கம் அக்கா. நான் நிவேதனா. பருத்தித்துறையிலை இருந்து வாறன். உங்கடை தளத்திலை வேலைக்குப் பதிஞ்சனான்.

— முருகா, இந்த வெயிலுக்கையே? இரும் பிள்ளை. முதல் தண்ணியைக் குடியும்.

— பிறகு குடிக்கிறன் அக்கா. இந்தத் தகவலை ஒருக்காப் பாருங்கோ. காலமை எங்கடை பக்கத்துப் பிள்ளையள் பத்தொன்பது பேருக்கு வந்தது.

— காட்டும். “நீங்கள் இணைத்த நற்சான்றுக் கடிதம் போலியானது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.” உதென்ன நிருஷன்?

— உது புரோகிராம் தானாய் அனுப்பிறது. கள்ளக் கடிதம் பிடிக்க நான்தான் எழுதினனான். பத்தொன்பது கடிதம், எழுத்துக்கு எழுத்து ஒண்டு! ஒருத்தர் எழுத, மற்றவை அப்பிடியே பாத்து அடிச்சிருக்கினம்.

— இல்லை அண்ணை. அது எங்கடை ஆழ்வாப்பிள்ளை ஐயாவின்ரை கடிதம். சமாதான நீதவான். எங்கடை பக்கத்திலை ஆர் வேலைக்கு விண்ணப்பம் போட்டாலும் அவரிட்டைத்தானே நற்சான்று வாங்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்.

— ஐயோ நிருஷன், நீர் யாழ்ப்பாணத்திலைதானே பிறந்தனீர்? எங்கடை இணுவிலிலையும் உந்தக் கதைதான். எனக்குத் தந்த கடிதமும் என்ரை தம்பிக்குத் தந்த கடிதமும் ஒண்டு. நானும் “ஒழுக்கமான இளைஞன்” எண்டுதான் அதிலை கிடந்தது.

— வெளிநாட்டு ஆக்கள் செய்யிற மாதிரிப் பாத்துச் செய்தனான். உது எனக்கு மண்டையிலை ஏறேல்லை. எண்டாலும் தங்கச்சி, அந்த மனுசன் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாத்தி எழுதினால் என்னவாம்?

— முந்தி மாத்தித்தான் எழுதினவராம் அண்ணை. ஒருக்கா ரெண்டு பிள்ளையள் ஒரே வேலைக்குப் போட்டவையாம். ஒருத்தனுக்கு ரெண்டு வரி கூடுதலாய் எழுதிப்போட்டார். மற்றவனுக்கு வேலை இல்லாமல் போச்சுது. அண்டையிலை இருந்து ஆருக்கும் ஒரு சொல்லுக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

— கந்தா! அப்பிடிப்பட்ட மனுசன்ரை எழுத்தை எல்லோ நாங்கள் போலி எண்டு சொல்லிப்போட்டம். அவருக்குத் தெரியுமே பிள்ளை?

— ஓம் அக்கா. அந்தப் பத்தொன்பதிலை ஒருத்தன், கோகுலன், ஃபோனிலை காட்டிப்போட்டான். இப்ப சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போறார். “என்னாலை உங்கடை பிள்ளைக்குப் பழி வந்திட்டுது” எண்டு தாய் தேப்பனிட்டை மன்னிப்புக் கேக்கிறார். மத்தியானமும் சாப்பிடேல்லை.

— சரி, சரி. இப்பவே ரெண்டே முக்கால். நான் என்ன செய்ய? எங்கடை தளம் பிழைவிட்டுது எண்டு கொம்பனிக்குச் சொன்னால், இனி எங்களைத் தேடுவினமே? ரெண்டு வருச உழைப்பு, சுபா!

— சொல்லாட்டில் பத்தொன்பது பிள்ளையள் கள்ளர். அதையும் சேர்த்துச் சொல்லும்.

— பொறும், பொறும். தங்கச்சி, ஒரு வழி கிடக்கு. உங்களை மட்டும் உள்ளுக்கை எடுக்கச் சொல்லிக் கேக்கிறன். ஒரு ஆள் விடுபட்டுப் போச்சுது எண்டால் ஒருத்தரும் ஒண்டும் நினையாயினம். ஆனால் ஊரிலை போய்க் கதைக்கப்படாது. விளங்குதே?

— அப்பிடி வேண்டாம் அண்ணை.

— விசரே உங்களுக்கு? பத்தொன்பது பேரையும் சேர்த்துப் புரோகிராமைத் திருப்பி ஓட விட்டால், கூடின புள்ளி எடுத்த பன்னிரண்டு பேர்தான் போவினம். அதிலை உங்களுக்கு இடம் வரும் எண்டு ஆர் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. வராமலும் போகும். எண்டாலும் எல்லாரையும் சேருங்கோ.

— கேட்டீரே? பஸ் ஏறி வந்த பிள்ளை சொல்லுது. ஃபோனை எடும்.

— எடுத்து என்னத்தைச் சொல்லுறது?

— நடந்ததைச் சொல்லும். அதுக்கென்ன பாடமாக்க வேணுமே?

— ஹலோ, வணக்கம் சேர். யாழ்ப்பாணத்திலை இருந்து நிருஷன் கதைக்கிறன். காலமை அனுப்பின பட்டியல் பிழை. இல்லை சேர், பிள்ளையளின்ரை பிழை இல்லை, என்ரை பிழை. பத்தொன்பது பேரை அநியாயமாய்க் கழிச்சுப்போட்டன். திருத்தி நாலு மணிக்கு முதல் அனுப்பிறன்... ஓம்... ஓம் சேர், விளங்குது... நன்றி.

— என்னவாம்?

— பழசைக் கழிச்சுப்போட்டுப் புதுசை எடுப்பினமாம். அடுத்த முறை எங்களிட்டை வாறதைப் பற்றி யோசிக்க வேணுமாம்.

— யோசிக்கட்டும். நீர் உந்தக் கடிதச் சோதினையை நிப்பாட்டும். பிள்ளை, ஐயாவின்ரை நம்பரைத் தாரும். முதல் அவருக்கு எடுத்து மன்னிப்புக் கேக்கிறன். மனுசன் வீட்டை போய்ச் சாப்பிடட்டும்.

— நிப்பாட்டிப்போட்டன். கழிச்ச ஆக்களை ஒவ்வொண்டாய் உள்ளுக்கை எடுக்கிறன். தங்கச்சி, உங்களையே முதல் சேர்ப்பம். வந்ததுக்கு அதாவது செய்யிறன். பதிவு நம்பர் என்ன?

— இருநூற்றிப் பதினாலு.

— இருநூற்றிப் பதினாலு... இருநூற்றிப் பதினாலு... இதென்ன, கழிச்ச ஆக்களுக்கை இந்த நம்பர் இல்லையே? வடிவாய்ச் சொல்லுங்கோ. பத்தொன்பதையும் ரெண்டு தரம் பாத்திட்டன்.

— அதிலை இராது அண்ணை. எனக்குக் கடிதம் தந்தது கம்பஸ் விரிவுரையாளர். காலமை நீங்கள் அனுப்பின பன்னிரண்டு பேரிலை பாருங்கோ. கடைசி நம்பர்.