முதுகில் இறங்கிய ஊசியும் மூச்சில் விழுந்த ஓட்டையும்

அவையை நடத்தும் தலைவர் சாம்சன் அண்ணன் அவர்களே! பழவேற்காட்டு அலையோடு வாழ்வை அளந்த தோணிரேவின் பெரியோர்களே! சேற்றைத் துழாவி இறாலெடுத்துச் சோற்றுப்பானையைக் காக்கும் தாய்மார்களே! வலியோடு வந்து டோக்கனோடு அமர்ந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

அக்குபஞ்சர் முகாமை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை. நான் எக்ஸ்ரே எடுப்பவன், பார்த்ததைத்தான் பேசுவேன்.

போன முகாமில் நம் லோகாம்பாள் அக்கா தோள்வலிக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்டார். வலி குறைந்ததா? குறைந்தது! மறைக்கமாட்டேன். மறுநாள் ஏரியில் இறங்கினார். கழுத்தளவுத் தண்ணீர், இரு கையும் சேற்றில், இறால் போடும் பறி பல்லிடுக்கில். கடித்த பறியைக் கரையேறும்வரை விடாதவர், அன்று விட்டார். வாயைத் திறந்தார்; காற்று போதவில்லை!

“ஊசி வேலை செய்யுது, கெட்டது வெளிய போவுது”னு போனில் சொன்னவர் யார்? இந்த முகாம் வைத்தியர்! நம்பிச் சுக்குக் காபி கொடுத்துப் படுக்கவைத்தவர் யார்? நாம்தான்! மாலையில் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஊசி நுரையீரலைக் குத்தியிருந்தது. கசிந்த காற்று நெஞ்சுக்குள் அடைத்து, நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் போட்டார், அக்கா பிழைத்தார்.

இன்னா ஜாக்குலின் அக்கா? “எல்லாருக்குமா அப்டி ஆவுது?”னா? ஆகாது. அரிதுதான். பலருக்கு ஒரு சொட்டு ரத்தம், ஒரு கன்றல், ஒரு தலைசுற்றல், அவ்வளவே. ஆனால் அழுக்கு ஊசி சீழ் வைக்கும். அடுத்தவர் ரத்தம் பட்ட ஊசி காமாலையைக் கொண்டுவரும். ‘அரிது’ என்ற சொல் மூச்சுத் திணறுகிறவளுக்கு ஆறுதலா? “மெல்லிய ஊசி, ஒன்றும் ஆகாது” என்கிறார்கள். மெல்லியது என்பதால்தான் சந்தேகப்படுகிறேன்! போன தடம்கூடத் தெரியாதே!

இன்று முன்வரிசையில் லோகாம்பாள் அக்கா கையிலும் டோக்கன்! “மறுபடியுமா?” என்று மேடையேறும் முன் கேட்டேன்.

“வலி தாங்கல நைனா. ஏரிக்குப் போவலன்னா ஒல எப்டி கொதிக்கும்? நீ படம் புடிப்ப. வலிய புடிச்சி எடுப்பியா?”

படம் வலியை எடுக்காது, ஊசி எடுக்கிறது. ஆகவே, மேடையில் புன்னகைக்கும் வைத்தியரே, உங்களிடம் கேட்கிறேன். எங்கே பயின்றீர்கள்? ஊசி உறை பிரிக்காததா? நெஞ்சுக்கூட்டின் மேல் எவ்வளவு ஆழம் இறக்குவீர்கள்? மூச்சு முட்டினால் போனில் ஆறுதலா, வாசலில் வண்டியா?

கைதட்டாதீர்கள்! கைதட்டல் கேள்வியை மூழ்கடிக்கும்.

தாய்மார்களே, இலவசம் என்பதற்காக வாயை மூடாதீர்கள்! உடம்பு உங்களுடையது. மைக்கை வைத்தியரிடம் தருகிறேன். பதில் வரும்வரை அக்காவின் தோள் மட்டுமல்ல, இந்த ஊரில் ஒரு தோளும் ஊசிக்கு நீளக் கூடாது!

செவி தந்தவர்களுக்கு நன்றி. எழுந்து நின்று கேட்கப்போகும் வாய்களுக்கு வணக்கம்!