பன்றித்தலைக்கு முன்னால் வாசித்த பேர்

— என் பேரு போஸ்டர்ல இருக்காதா? இன்னொரு தடவை சொல்லுங்கக்கா. பூஜை மேசைல பன்றித்தலைய வெச்சுட்டு, அறுபது பேரு வெளிய வரிசை கட்டி நிக்கையில சொல்றீங்க பாருங்க, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க.

— கேளு தம்பி, கேளு. கத்தாத. இது பழைய ஐஸ் ஃபேக்டரி. குசுகுசுன்னு பேசினாலே நாலு சுவர்ல மோதித் திரும்பி வருது. படத்த எடுக்கப் போறது நீதான். ஷாட் வெக்கறது நீ, கட் சொல்றது நீ, எடிட்டிங்ல உக்காரப் போறதும் நீ. டைட்டில்ல மட்டும் 'இயக்கம் ஹ்வாங்போ குன்'னு வரும். உன் பேரு அடுத்த கார்டுல. துணை இயக்கம்.

— துணை இயக்கம்! பதினஞ்சு வருஷமா அதத்தானேக்கா சுமந்துட்டுத் திரியறேன்.

— என்னை எதுக்கு முறைக்கற? நேத்துக் காலைல ஆறு மணிக்குப் பணம் போடறவன் போன் பண்றான். 'யாரு இந்த ப்யோ தேஷிக்? நாப்பத்திநாலு வயசுல முதல் படமா? எங்க படிச்சான்?'ங்கறான். நான் என்னத்த சொல்ல? உல்சான்ல கப்பல் கட்டப் படிச்சான், அதையும் பாதில விட்டுட்டு வந்தான்னு சொல்லவா?

— கப்பல் படிச்சவன் படம் எடுக்கக் கூடாதா? தத்துவம் படிச்சவன் எடுக்கறான், மாட்டு வைத்தியம் படிச்சவன் எடுக்கறான்.

— எடுக்கறான், முப்பது வயசுல எடுக்கறான். ஃபிலிம் அகாடமில ஒரு குறும்படம், வெளிநாட்டு விழாவுல ஒரு பரிசு, ஏர்போர்ட்ல இறங்கறப்பவே பாக்கெட்ல ஒப்பந்தம். உன் கதை அப்படியா? ஹ்வாங்போ சாரோட அஞ்சு படத்துல கிளாப் அடிச்ச. மழைல குடை பிடிச்ச. அவரு குடிச்சுட்டு வராத நாள்ல நீயே ஷாட்டும் எடுத்த, வெளிய மூச்சு விடல. அப்புறம் சொந்தமா மூணு படம் ஆரம்பிச்ச. மூணும் என்னாச்சு?

— ஒண்ணு கம்பெனி இழுத்து மூடிட்டான். ஒண்ணுல ஹீரோ பட்டாளத்துக்குக் கூப்பிட்டாங்கன்னு போயிட்டான். மூணாவது, ஷூட்டிங்குக்குப் பத்து நாள் இருக்கையில, இதே மாதிரி ஒரு காலைல, உங்கள மாதிரியே ஒருத்தர் 'கேளு தம்பி'ன்னு ஆரம்பிச்சாரு.

— குத்திக் காட்டாத.

— என் பொண்ணு இருக்காளே, ரெண்டாங் கிளாஸ். அப்பா என்ன வேலைன்னு ஸ்கூல்ல எழுதச் சொன்னாங்களாம். 'வரப்போற டைரக்டர்'னு எழுதியிருக்கா. வரப்போறவன்! டீச்சர் பக்கத்துல சிரிக்கற முகம் ஒண்ணு வரைஞ்சு விட்டிருக்காங்க. அத எடுத்துட்டு வந்து காமிக்கறா. எனக்கு எங்க போய் முட்டிக்கறதுன்னு தெரியல. இந்தப் படத்துல என் பேரு வரலேன்னா நான் இனி எடுக்க மாட்டேங்க்கா. எவனும் கூப்பிடவும் மாட்டான். துணைன்னே செத்துருவேன்.

— எனக்கு மட்டும் ஆசையாடா? ஹ்வாங்போ பேரு இருந்தாத்தான் ரெண்டாவது தவணை வருமாம். தவணை வரலேன்னா இந்த அறுபது பேரையும் மதியச் சோறு கூடப் போடாம சியோலுக்கு பஸ் ஏத்தணும். நேத்து சாயங்காலமே அவருகிட்ட பேசிட்டேன். சரின்னுட்டாரு.

— சரின்னுட்டாரா?

— உடனே சொல்லல. முதல்ல எண்ணெய்ல கிடந்த கோழியப் பொரிச்சு எடுத்தாரு. அவரும் சம்சாரமும் நடத்தற கடைதான், உனக்குத் தெரியுமே. அப்புறம் 'சரி'ன்னாரு. இப்ப வெளிய கார்ல இருக்காரு.

— வந்துட்டாரா! அப்ப எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் இந்தப் பேச்சு.

— இன்னும் ஒண்ணு முடியல. பூஜைல சாமி முன்னாடி வாசிக்கற அந்த வேண்டுதல் தாள் எங்க?

— இதோ, என் கோட்டுக்குள்ள.

— கொடு. அதுல பேர மாத்தி எழுதணும்.

— நூல் கட்டியாச்சுக்கா. கட்டினத பன்றித்தலைக்கு முன்னாடி தவிர எங்கயும் பிரிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?

— நான்தான். இல்லேங்கல. ச்சுன்ச்சோன்ல எடுத்த படத்துல பட்டது போதாதா? பூஜைல ஒரு நடிகை பேர வாசிச்சோம், பத்தாம் நாள் வேற நடிகைய வெச்சு எடுத்தோம். பனி விழுந்து செட்டு கூரையே இறங்கிடுச்சு. லைட்மேனுக்குக் கால் போச்சு. அன்னிலேர்ந்து சாமி முன்னாடி வாசிச்ச பேரு ஒண்ணு, போஸ்டர்ல இருக்கற பேரு ஒண்ணுன்னா நான் கேமராவத் தொட விடறதில்ல. அதான் கேக்கறேன். அது சரி, தாள் எழுதறது அசிஸ்டன்ட் வேலை, நீ எதுக்கு எழுதின?

— இத்தன வருஷம் அடுத்தவன் படத்துக்கு எழுதினேன். என் படத்துக்கு நானே எழுதணும்னு ஆசை. நேத்து குளிச்சுட்டு வந்து, ஒரே மூச்சுல எழுதி, திரும்பிக்கூடப் பாக்காம சுருட்டிக் கட்டிட்டேன். தர மாட்டேன். வேணும்னா இந்த மக்கொல்லிக் கள்ளுச் சட்டியத் தூக்கி என் தலைல போடுங்க.

— யாரு தலைலடா போடணும்? நாம்குங் அம்மா, உள்ள வரலாமா? வெளிய குளிருல நிக்கிறாய்ங்க பயலுக. பன்றி சிரிக்குது, நீங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க.

— வாங்க ஹ்வாங்போ சார். நீங்களே சொல்லுங்க இவன்கிட்ட.

— என்ன தேஷிக், வணக்கம் கூடக் கிடையாதா?

— வாங்க சார். பேரத் திருட வந்திருக்கீங்க, வணக்கம் ஒண்ணுதான் குறைச்சலா?

— தேஷிக்! நாக்க அடக்கு!

— விடும்மா, பேசட்டும். அவன் மழைல பிடிச்ச குடைக்கெல்லாம் சேத்துப் பேசட்டும்.

— பதினேழு படம் எடுத்தாச்சு உங்களுக்கு. என் ஒரே ஒரு படம் கண்ண உறுத்துதா?

— உறுத்துதுடா. மறைச்சு என்ன ஆகப்போகுது? பூசான்ல ரெண்டு தியேட்டருக்கு ஒரே பிரிண்டு. இங்க ஒரு ரீல் ஓடி முடிய, அத சைக்கிள்ல கட்டிக்கிட்டு அந்தத் தியேட்டருக்கு மிதிப்பேன். பதினாறு வயசு. அப்ப புடிச்ச பைத்தியம். கடைசிப் படம் ஊத்திக்கிட்டு ஒம்போது வருசம் ஆச்சு. ஒரு போன் கிடையாது. கோழி வாங்க வர்றவன் 'உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே'ம்பான். நான் உப்பு போதுமான்னு கேப்பேன். நேத்து இந்தம்மா 'டைரக்டர் சார்'னு கூப்பிட்டதும் கட்டியிருந்த ஏப்ரன அவுத்து வெச்சுட்டேன். சரின்னுட்டேன். தப்புன்னு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.

— அதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்?

— மணி ஒம்போதாகப் போகுது, நல்ல நேரம் போயிரும். கேளு தம்பி, கேளு. தாள நீயும் தர வேண்டாம், நானும் வாங்கல. இருக்கறதுல மூத்தவர் வாசிக்கட்டும், அதான் வழக்கம். அவரு வாசிக்கற பேரு எதுவோ அதான் போஸ்டர்ல.

— அக்கா, நான் என்ன பச்சைக் குழந்தையா? தாள்ல என்ன இருந்தாலும் அவரு தன் பேர வாசிச்சுருவாருன்னுதானே இப்படிச் சொல்றீங்க?

— வாசிச்ச பேருக்கு நான் கட்டுப்படறேன். உன் பேரே வந்தாலும் சரி. அதுக்கு மேல என்ன வேணும்?

— சத்தியம் வேணும். சார், அந்தத் தலை மேல கை வெச்சுச் சொல்லுங்க. எழுதியிருக்கறத எழுதினபடியே வாசிக்கணும். ஒரு எழுத்து கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

— அவ்வளவுதானா உனக்கு என் மேல நம்பிக்கை?

— அவ்வளவுதான் சார்.

— சரி. இந்தா, வெச்சுட்டேன். எழுதினபடியே வாசிக்கிறேன். போதுமா? கதவத் தொறங்க, பயலுக வரட்டும். மெழுகுவத்தி ஏத்து. படையல்ல அந்த நூல் சுத்தின கருவாட்ட நேரா வையி. தாள இப்படிக் கொடு.

— எல்லாரும் தொப்பிய எடுங்க! சத்தம் கூடாது! சார் வாசிக்கறாரு!

— 'வானத்துத் தெய்வங்களே, மண்ணுக்குரிய தெய்வங்களே, மோக்போக் கடலைக் காக்கும் தெய்வங்களே. இன்று மார்ச் ஒன்பதாம் நாள், நாங்கள் அறுபத்திரண்டு பேர் உங்கள் முன் நிற்கிறோம். விளக்கு வெடிக்காமல், கேமரா விழாமல், ஒருவர் விரல் நகமும் பெயராமல் இந்தப் படம் முடிய வேண்டும். சோற்றுக்காக மட்டும் வந்தவர்கள் இல்லை நாங்கள். வேறு எந்த வேலையும் பிடிக்காமல் வந்தவர்கள். ஆகவே கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். தயாரிப்பு, நாம்குங் ஹியோனோக். இயக்கம்...'

— ஏன் சார் நிறுத்திட்டீங்க?

— ஊதுவத்திப் புகைம்மா. கண்ணு எரியுது.

— சார். சத்தியம் பண்ணியிருக்கீங்க சார். எழுதினபடி வாசிங்க.

— தெரியும்டா. கண்ணத் தொடைக்க விடு. 'இயக்கம்... ப்யோ தேஷிக்.'

— சார்!

— 'ஒளிப்பதிவு, ஓக் சாங்மின். மற்றும் பேர் சொல்லப்படாத அனைவரும். இந்த எளிய விருந்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.' முடிஞ்சுது. மெழுகுவத்திய இங்க கொண்டா, வழக்கப்படி தாள எரிச்சுருவோம். கைதட்டுங்கடா! பாரு, சாம்பல் எப்படி மேல ஏறுதுன்னு!

— என்ன சார் பண்ணிட்டீங்க? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை...

— நாம்குங் அம்மா, அறுபத்திரண்டு பேரு காதால கேட்டாச்சு. ச்சுன்ச்சோன் கூரைய நினைச்சுக்கங்க.

— நினைக்காம என்ன பண்றது? வாசிச்சது வாசிச்சதுதான். நான் போய்ப் பணம் போடறவன்கிட்ட மல்லுக்கட்டறேன். இருக்கற காசுல பத்து நாள் ஓடும், அதுக்குள்ள அவன் வாயடைக்கற மாதிரி நாலு சீன் எடுத்துக் காட்டு. தேஷிக், நீ என்ன மரம் மாதிரி நிக்கற? முதல் கும்பிடு டைரக்டரோடது. விழு!

— இதோ... இதோ விழறேன்க்கா.

— மூணு தடவ, நெத்தி தரைல படணும். ஆங். இப்ப பன்றி வாயில காணிக்கையா ஒரு நோட்டு வையி. எழுந்திரு. டேய், அழறியா?

— இல்ல சார். புகை.

— சரி சரி. அந்தம்மா போன் பேசப் போயாச்சு. பயலுக மக்கொல்லிக்கு அடிச்சுக்கிறாய்ங்க. நானும் கிளம்பறேன். மத்தியானத்துக்குக் கோழி ஊற வைக்கணும்.

— சார், மன்னிச்சிருங்க. உங்களத் திருடன்னேன். நீங்க சத்தியத்தக் காப்பாத்திட்டீங்க. உங்க இடத்துல வேற யாராவது இருந்தா தன் பேரத்தான் வாசிச்சிருப்பான்.

— சத்தியமா? அட போடா. பன்றித்தலை மேல கை வெச்சுப் பொய் சொன்னதுக்கு அந்தக் கடல் சாமி என்னைய என்ன பண்ணப் போகுதோ!

— என்ன சார் சொல்றீங்க? எழுதினபடிதானே வாசிச்சீங்க?

— தாளு எரிஞ்சு போச்சு, இனி சொன்னா தப்பில்ல. போய் முதல் ஷாட்ட வையி தேஷிக். என் அஞ்சு படத்துக்கும் எழுதி எழுதிப் பழகின கை, நேத்தும் இயக்கம்னு போட்டுப் பக்கத்துல என் பேரத்தான்டா எழுதியிருந்துச்சு.