கிடங்கை விட்டு ஒரு சொல்லை விரட்டியவருக்கு

ஐயம் கொள்வதையே அன்றாடப் பணியாகக் கொண்ட ஐயா அவர்களே! அரிசி மூட்டையையும் அறிவிப்புப் பலகையையும் ஒரே கண்ணால் அளந்தவரே! வெப்பமானி சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பிறகு வெப்பமானியையே விசாரித்தவரே! துறைமுக உணவுக் கிடங்கின் தலைமைக் காப்பாளராக இருபத்தாறு ஆண்டுகள் இருந்து, இன்று மாலையோடு விடைபெறும் தங்களுக்கு, கிடங்கு, குளிர் அறை, கொடிமேடை ஆகிய மூன்று பிரிவுகளின் பணியாளர்களும் கூடி வாசித்தளிக்கும் மடல் இது.

இதை எழுதும் வேலை, வழக்கம்போல் அனுப்புகைப் பிரிவு எழுத்தரிடம் வந்தது. இதற்கு முன் பதினொரு பேருக்கு அவர் எழுதிய மடல்களில் பெயரையும் தேதியையும் மாற்றினால் ஒன்றை மற்றவருக்குக் கொடுத்துவிடலாம். தங்களுக்கு அப்படி எழுத முடியாது. "இதுல எது நிஜம், எது ஜோடனைன்னு பென்சில்ல கோடு போட்டுக் குடுங்க" என்பீர்கள். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. தங்கள் ஓய்வு உத்தரவின் கடைசி வரியில் ‘விசாரணை முடிவுக்கு உட்பட்டு’ என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. அவை அங்கே இருக்கும்வரை இந்த மேடையும் மாலையும் அரைகுறைதான் என்பது இங்கே அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

ஐயா! தங்கள் மூக்கின் மேல்கூடத் தங்களுக்கு நம்பிக்கை இருந்ததில்லை. "மோந்து பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றவன், ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் அதையே சொல்லணும்" என்பீர்கள். மூட்டை தரையைத் தொடக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும். உப்பிய டின்னைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது. இவற்றை உத்தரவாகச் சொன்னதைவிட, எங்கள் தோளுக்குப் பின்னால் ஓசையின்றி வந்து நின்று சொன்னதே அதிகம்.

உறைகுளிர்ப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்தீர்கள். பார்த்தவுடனே எங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தோம்: யார் கை நீளம் என்று சோதிக்கிறார்! இரண்டு ஆண்டுகள் அப்படியே நம்பினோம். குளிர் அறை மேஸ்திரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவார். ஒரு திங்கட்கிழமை காலை நாணயம் டம்ளரின் அடியில் கிடந்தது. விடுமுறையில் மின்சாரம் நெடுநேரம் போயிருக்கிறது. பனிக்கட்டி உருகி, நாணயம் மூழ்கி, மின்சாரம் திரும்பியதும் எல்லாம் மறுபடி உறைந்திருக்கிறது. வெப்பமானி ஒன்றும் நடக்காததுபோல் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெட்டியில் இருந்த இறைச்சி முழுவதையும் புதைக்கச் சொன்னீர்கள்.

"அப்போ எங்களச் சந்தேகப்படலையா சார்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"உங்களச் சந்தேகப்பட எதுக்குய்யா ஐஸு? அத வெறும் தரையிலயே செய்யலாமே" என்றீர்கள்.

வானிலை அறிக்கையையும் தாங்கள் விட்டுவைக்கவில்லை. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்று வந்தால், "அந்த ஓரிரு இடத்துல ஒண்ணு நம்ம கூரைதான், தார்ப்பாய எடுங்க" என்பீர்கள். ‘லேசான’, ‘மிதமான’, ‘கன’ என்ற அடைமொழிகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு எழுதி வைத்தீர்கள். கொடிமேடையில் வானிலைக் கொடி அசையாமல் தொங்கினால், செய்தி இல்லை என்று நினைத்துத் திரும்பியவர்களை மறுபடி அனுப்பினீர்கள்: "காத்து இல்லைன்னுதான் அர்த்தம். கிட்டப் போய் என்ன கொடின்னு பாரு." இவையெல்லாம் சேர்ந்து நாற்பது பக்கக் கையேடாகி, தொலைபேசிக்குப் பக்கத்தில் சணல் கயிற்றில் தொங்குகின்றன. வந்து போன கப்பல்களின் சமையல்காரர்கள்கூட அதைப் படியெடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

அந்தக் கையேட்டில் நாற்பத்தோராம் பக்கம் ஒன்று பிறகு சேர்ந்தது: ‘கிளியர்’ என்ற சொல் இனி இந்தக் கிடங்கில் கூடாது; எது, என்ன நிலையில் இருக்கிறது என்று முழுதாகச் சொல்ல வேண்டும். பாராட்டு மடல்களில் யாரும் எழுதாத பகுதி இங்கே தொடங்குகிறது.

‘கிளியர்’ என்ற ஒரு சொல்லை நாம் மூன்று வேலைக்கு வைத்திருந்தோம். குளிர் அறை காலியானால் கிளியர். படகுக்கு வழி திறந்தால் கிளியர். காற்று எச்சரிக்கை நீங்கி வானம் தெளிந்தால் அதுவும் கிளியர். வானிலை அலுவலகத்தின் செய்தி கிடங்குத் தொலைபேசிக்குத்தான் வரும். அங்கே கேட்டுத்தான் கொடிமேடை கொடியை ஏற்றும், இறக்கும். பத்து மாதங்களுக்கு முன் ஒரு காலை, கொடிமேடைப் பொறுப்பில் இருந்த அக்கா கிடங்கை அழைத்து, "கிளியரா?" என்று கேட்டார். குளிர் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல், "கிளியர்" என்றது. அவர் எச்சரிக்கைக் கொடியை இறக்கினார். நங்கூரமிட்டிருந்த கப்பலுக்கு உணவுப் பொருள் ஏற்றிச் சென்ற படகு அரைமணி நேரத்தில் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே கவிழ்ந்தது. படகோட்டியும் அவருடைய மைத்துனரும் பலகையைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பினார்கள். படகோட்டியின் இடக்கை எலும்பு முறிந்தது. இன்றும் முழுதாக மடங்கவில்லை.

எச்சரிக்கை நீங்கவே இல்லை. சொன்னவர் யார் என்று தெரியவில்லை. கொடியை இறக்கியவர் யார் என்று தெரியும். ஆகவே அக்காவை வாயிற்படிப் பதிவேடு எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். அவர் பொய் சொல்கிறார், தொலைபேசியே ஒலித்திருக்காது என்றுகூட நம்மில் சிலர் பேசினோம்.

தாங்கள் அப்போது குளிர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தீர்கள். வெளியே வந்ததும், அன்று கிடங்கில் பணியில் இருந்த ஒன்பது பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டீர்கள்: "போனை எடுத்தது யாரு?" பதில்களை ஒரு தாளில் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினீர்கள். அந்தப் பூட்டு போதாதா எங்களுக்கு? "அவர்தான் சொல்லியிருப்பாரு. இல்லைன்னா எதுக்குப் பூட்டணும்?" என்று தேநீர் வேளையில் பேசினோம். தாங்கள் குளிர் அறையில் இருந்தது உண்மையா என்றுகூடச் சந்தேகப்பட்டோம். ஐயா, தாங்கள் பெட்டியையும் டின்னையும் சந்தேகித்துச் சோதித்துப் பார்த்தீர்கள். நாங்கள் ஒரு மனிதரைச் சந்தேகித்துவிட்டுத் தேநீர் குடித்தோம்.

சென்ற வாரம் விசாரணையில் அந்தத் தாளை எடுத்து வைத்தீர்கள். ஒன்பது பேர், ஒன்பது ‘தெரியாது’.

"இதுல ஒண்ணு பொய். எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா கிடங்குல இருந்து போன வார்த்தை அது, அதுக்குப் பொறுப்பு நான். அந்தப் பொண்ணத் திரும்பக் கொடிமேடைக்கு அனுப்புங்க" என்றீர்கள்.

விசாரணை அதிகாரி ‘பொறுப்பை ஒப்புக்கொண்டார்’ என்று எழுதிக்கொண்டார். மறுநாள் தங்கள் உத்தரவில் அந்த மூன்று சொற்கள் வந்தன. அக்காவோ இன்னும் வாயிற்படியில்தான் இருக்கிறார்.

மூன்று நாட்களுக்கு முன், இந்த மடலுக்குக் கையெழுத்து வாங்க எழுத்தர் அவரிடம் போனார். அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அண்ணே, அழகாத்தான் எழுதுவீங்க, தெரியும். சார் சொல்லலைன்னு எனக்கும் தெரியும். அவர் குரல் தெரியாதா எனக்கு? அன்னைக்குப் பேசினது யாருன்னு இதுல எழுதுங்க, கையெழுத்து போடறேன். இல்லைன்னா மாட்டப்போற கண்ணாடிச் சட்டத்துக்கு ஏத்த மாதிரி பூ வரைஞ்சுக்குங்க."

இனி ‘நாங்கள்’ என்று எழுத இயலாது. அந்த எழுத்தர் நான். அன்று தொலைபேசியை எடுத்தவன் நான்.

சரக்கு முற்றத்திலிருந்து வரும் அழைப்புக்காகக் காத்திருந்தேன். இரண்டாம் குளிர் அறை காலியாகிவிட்டதா என்று கேட்கிறார்கள் என்று நினைத்து ‘கிளியர்’ என்றேன். படகு கவிழ்ந்த செய்தி வந்தபோதே என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. தாங்கள் கேட்டபோது "தெரியாது சார்" என்றேன். தங்களைப் பற்றித் தேநீர் வேளையில் எழுந்த பேச்சை முதலில் எடுத்துக் கொடுத்தவனும் நானே. வாய் தவறியது பிழை. அதன்பின் பத்து மாதங்கள் வாய் மூடியிருந்தது குற்றம். இதைக் கையொப்பமிட்டு இன்று காலை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அவர் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இட்ட படி, தாங்கள் சரிபார்த்துக்கொள்ள வசதியாக, இம்மடலோடு இருக்கிறது. வார்த்தையாக மட்டும் சொன்னால் தாங்கள் ஏற்க மாட்டீர்கள் என்பதை அறிவேன்.

நெடுநாள் நோயற்று வாழ்வீர்கள் என்று உறுதி கூற எங்களிடம் ஆதாரம் இல்லை, ஐயா! வாழ வேண்டும் என்று விரும்புகிறோம். அந்த விருப்பத்தைத் தாங்கள் எப்படி வேண்டுமானாலும் சோதிக்கலாம். அந்த மூன்று சொற்கள் நீங்கிய உத்தரவு தங்கள் வீட்டு வாசலுக்கு வரட்டும்! தங்கள் துணைவியார் வைக்கும் சாப்பாட்டை ஒரு நாளாவது, எப்போது சமைத்தது என்று கேட்காமல் உண்ணும் நிம்மதி தங்களுக்குக் கிட்டட்டும்!

இங்ஙனம்,
குளிர் அறை மேஸ்திரியும் பணியாளர்களும்,
கிடங்குப் பணியாளர்கள்,
அனுப்புகைப் பிரிவு எழுத்தர்.

கொடிமேடைப் பொறுப்பாளருக்கான இடம் கீழே காலியாக விடப்பட்டுள்ளது. இதை முழுதும் கேட்ட பின் அவர் கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும், மடலை அப்படியே சட்டமிடுவோம்.