ஆள் இல்லாத குடம்

இரைச்சல். தலைக்கு மேல். தாழப் பறக்கிறது. நான் குப்புறக் கிடக்கிறேன். வாய்க்குள் பனிச்சேறு. மல்வேர்ன் பஸ் தரிப்பு. காலை ஆறு இருபது.

"பொம்பர்! குடத்தை விட்டிட்டு ஓடுங்கோ!"

கத்தியது நான்தான். வேலைக்குப் போக வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கை கொடுத்துத் தூக்கினார்.

"அண்ணை, உது சும்மா பிளேன். இது கனடா."

ஓம், கனடா. எனக்குத் தெரியும். என் முழங்காலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

நான் பொறியியலாளன். தொண்ணூறுகளின் நடுவில் வன்னியில், இடம்பெயர்ந்தவர்களின் முகாமில் தண்ணீர் வேலை பார்த்தேன். முந்நூறு குடும்பம். ஒரே ஒரு குழாய்க்கிணறு. பொருளாதாரத் தடை. சீமெந்து வராது. கைப்பம்பிக்குப் போடும் றப்பர் வாசரும் வராது. பழைய செருப்பை வட்டமாக வெட்டிப் போட்டேன். தண்ணீர் வந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

சனம் குடத்தை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டுப் போய்விடும். திரும்பி வந்தால் சண்டை. ஒருநாள் ஒருவருக்கு மண்டை உடைந்தது. நான் சட்டம் போட்டேன். பலகையில் எழுதி நட்டேன்: ஆள் இல்லாத குடத்துக்கு இடம் இல்லை. சண்டை நின்றது. பெரிய மூளை!

என் மனைவி வசந்தியும் வரிசையில்தான் நின்றாள். சலுகை கேட்கவே மாட்டாள். அதிலும் எனக்குப் பெருமை.

வெள்ளிக்கிழமை. காலை ஆறரை. கைப்பம்பி கறக், கறக் என்கிறது. அதற்கு மேலே அந்த இரைச்சல்.

"பொம்பர்! பங்கருக்குள்ள ஓடுங்கோ!"

நான் பதுங்குகுழி வாசலில் நின்று கத்துகிறேன். பாதிப் பேர் ஓடி வருகிறார்கள். மீதிப் பேர் குடத்தைப் பார்க்கிறார்கள். இருட்டோடு வந்து நின்றவர்கள். வசந்தி நாலடி ஓடி வந்தாள். நின்றாள். திரும்பிப் போனாள்.

"வசந்தி! விட்டிட்டு வா!"

"வட்டம்தானே அடிக்கிறான்! இடம் போயிடும்!"

அந்தக் கிழமை முழுக்க வட்டம் மட்டும்தான் அடித்தான். அன்றைக்குப் போட்டான். ஒன்று. இரண்டு. மண் கொட்டியது. பிறகு காதில் எதுவும் இல்லை.

குண்டு போட்டவன் யாரோ. அவர்களை அங்கே நிற்கவைத்தவன் நான். இதை எந்த விசாரணையிலும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

போனவை: பம்பி. ஒன்பது குடம். ஆறு பேர். ஆறில் ஒருத்தி வசந்தி.

பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. வசந்தியின் குடமும் நெளியவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான்.